ஓடுகிறது, எழவில்லை: வீட்டில் செய்த ஆர்சி விமானத்தின் டேக்-ஆஃப் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

ஃபோமை வெட்டி, ஒட்டி, சர்வோ (இறக்கை, வாலின் அசையும் பகுதிகளை இயக்கும் குட்டி மோட்டார்) மாட்டி மைதானத்துக்குக் கொண்டுபோன ஆர்சி (ரேடியோ கன்ட்ரோல்) விமானம் ஓடுகிறது, ஆனால் எழவில்லை. அல்லது எழுந்ததும் இடது பக்கம் சரிந்து மூக்கால் குத்துகிறது. இதற்குப் புதியவர்கள் முதலில் தேடும் மருந்து பெரிய மோட்டார். பெரும்பாலும் அது வீண் செலவு. சக்தி போதாமல் எழாத விமானங்களைவிட, எடை மையம் தவறியதாலும், சக்கரம் இடம் மாறியதாலும், புரொப்பெல்லர் முன்பின்னாக மாட்டப்பட்டதாலும் எழாதவையே அதிகம். இவை எல்லாவற்றையும் மைதானத்துக்குப் போகுமுன் வீட்டு மேசையிலேயே பிடித்துவிடலாம்.

கீழே வரும் கணக்குகளுக்கு ஒரு விமானத்தை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் கல்லூரி மாணவர்கள் அதிகம் செய்வது இதைத்தான்: 120 செ.மீ நீளம், 20 செ.மீ அகலம் கொண்ட இறக்கை உடலின் மேலே உட்காரும் டிரெய்னர், அதாவது பழகுவதற்கான விமானம். ஏ2212 1000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை), 10×4.5 புரொப்பெல்லர், 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, 9 கிராம் சர்வோ நான்கு, ஆறு சேனல் டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடிக்கும் ரிமோட்). பறக்கத் தயாரான எடை 900 கிராம். உங்கள் விமானத்தின் அளவு வேறாக இருந்தால் எண்கள் மாறும். பார்க்கும் முறை மாறாது.

மேசையில் பார்க்க வேண்டியவை

புரொப்பெல்லர் சுழலத் தேவையில்லாத சோதனைகள் எல்லாவற்றையும் அதைக் கழற்றிவைத்துவிட்டே செய்யுங்கள். 10 அங்குல புரொப்பெல்லர் முழு வேகத்தில் விரலைத் துண்டித்துவிடும். விமானத்திலுள்ள ரிசீவர் சிக்னலை இழந்தால் மோட்டார் நிற்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். திராட்டிலை (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக்கை) பாதியில் வைத்து டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையென்றால் ஃபெயில்சேஃபை அமைக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

1. எடை. சமையலறை டிஜிட்டல் தராசில் பேட்டரியோடு சேர்த்து நிறுத்துப் பாருங்கள். 900 கிராமை இறக்கைப் பரப்பான 24 சதுர டெசிமீட்டரால் வகுத்தால் 37.5 கிராம் வருகிறது. 30 முதல் 40 வரை இருந்தால் புதியவருக்கு ஏற்ற விமானம். 50ஐத் தாண்டினால் எழும், ஆனால் பழகியவர் கையில்தான் எழும். எடை எங்கே ஏறியது என்று தேடினால் பெரும்பாலும் இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று பசை: 11 மி.மீ தடிமனும் 20 செ.மீ நீளமும் உள்ள ஹாட் குளூ குச்சி ஒன்றே 18 கிராமுக்குக் குறையாது. நான்கைந்து குச்சி தீர்ந்திருந்தால் அரை பேட்டரி எடையைக் கூடுதலாகத் தூக்குகிறீர்கள். இன்னொன்று அட்டை: விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் பிவிசி ஃபோம் ஷீட் பார்ப்பதற்கு ஃபோம் போர்டு மாதிரியே இருக்கும், எடையோ பல மடங்கு. டெப்ரான், பயோஃபோம், காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு ஆகியவைதான் விமானத்துக்கு ஆகும்.

2. எடை மையம். எல்லோரும் சிஜி என்பது இதைத்தான். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30% தொலைவில் இருக்க வேண்டும். நம் விமானத்துக்கு 5 முதல் 6 செ.மீ. இறக்கையின் அடியில் இரு பக்கமும் அந்த இடத்தில் குறியிட்டு, இரு விரல்களால் தாங்குங்கள். சமமாகவோ மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது. பேட்டரியை நகர்த்திச் சரிசெய்வதே முதல் வழி. கணக்கு எளிது: 180 கிராம் பேட்டரியை 3 செ.மீ முன்னே தள்ளினால் 180×3÷900, அதாவது சிஜி 0.6 செ.மீ முன்னே வரும். அதற்கும் இடமில்லை என்றால் மட்டுமே மூக்கில் ஈயம் வையுங்கள்.

3. சர்வோக்களின் திசை. விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். எலிவேட்டர் என்பது கிடைமட்ட வாலின் அசையும் பகுதி, ரடர் செங்குத்து வாலின் அசையும் பகுதி, ஏலரான்கள் இறக்கையின் அசையும் பகுதிகள். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டரின் பின்விளிம்பு மேலே போக வேண்டும். ரடர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் ரடரும் மூக்குச் சக்கரமும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஏலரான் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் மேலே, இடது ஏலரான் கீழே. எழுந்த ஒரு நொடியில் புரண்டு விழும் விமானங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏலரான் ரிவர்ஸ்தான். விமானத்தின் முன்னால் நின்று பார்த்தால் இடம் வலம் குழம்பும்; எப்போதும் பின்னால் நில்லுங்கள்.

4. புஷ்ராடின் விறைப்பு. சர்வோவின் அசைவை எலிவேட்டர் போன்றவற்றுக்குக் கொண்டுபோகும் கம்பிதான் புஷ்ராட். இந்த விறைப்பைப் பலரும் பார்ப்பதில்லை. ஸ்டிக்கை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு, எலிவேட்டரின் பின்விளிம்பை ஒரு விரலால் மெல்ல அழுத்துங்கள். 3 மி.மீக்கு மேல் அமுங்கினால் கம்பி நடுவில் வளைகிறது. காற்றே இல்லாத மேசையில் எலிவேட்டர் அழகாக மேலே போகும்; ஓட்டத்தில் வீசும் காற்று அதைத் தட்டையாக்கிவிடும். மூக்கு தூக்காது. 1.5 மி.மீ ஸ்டீல் கம்பி போட்டு, நடுவில் ஒன்றிரண்டு இடங்களில் சிறு குழாய்த் துண்டுக்குள் கம்பியை விட்டு, அந்தத் துண்டை உடலோடு ஒட்டினால் சரியாகிவிடும்.

5. இறக்கை முறுக்கு. பின்னாலிருந்து மூன்று மீட்டர் தள்ளிக் குனிந்து பாருங்கள். இரு பாதிகளின் பின்விளிம்பும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒரு பக்க நுனியில் பின்விளிம்பு 3, 4 மி.மீ இறங்கியிருந்தாலே விமானம் எழுந்ததும் எதிர்ப்பக்கம் சரியும். ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டி, எதிர்த்திசையில் முறுக்கிப் பிடித்து ஆறவிடுங்கள். இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தால் பேண்டுகள் புதிதாகவும் போதிய எண்ணிக்கையிலும் இருக்கட்டும். தளர்ந்த பேண்டு ஓட்டத்தின்போது முன்விளிம்பைத் தூக்கவிடும். அப்போது விமானம் நீங்கள் இழுக்காமலே செங்குத்தாகக் கிளம்பும்.

சக்தி போதுமா என்பதைத் தராசில் பாருங்கள்

மோட்டாரின் பெட்டியில் போட்டிருக்கும் இழுவிசையை நம்ப வேண்டாம். பெட்டி படுக்கை தூக்கிப் பார்க்கும் டிஜிட்டல் லக்கேஜ் தராசு ஒன்று போதும். விமானத்தை வழுவழுப்பான தரையில் நிறுத்தி, வாலில் கயிறு கட்டித் தராசின் கொக்கியில் மாட்டுங்கள். பின்னால் ஒருவர் தராசை அசையாமல் பிடிக்கட்டும். புரொப்பெல்லரின் முன்னாலோ, அது சுழலும் தளத்தின் பக்கவாட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. ஐந்து நொடி முழு திராட்டில். அதற்கு மேல் வேண்டாம், இந்தச் சிறு மோட்டார் தரையில் நின்றபடி முழு வேகத்தில் ஓடினால் சீக்கிரம் சூடேறிவிடும்.

நம் உதாரணத்துக்கு 700 முதல் 850 கிராம் வரை காட்ட வேண்டும். எடையில் பாதி இழுவிசை இருந்தாலே நல்ல தரையிலிருந்து எழலாம். 70% இருந்தால் நிம்மதி. எனவே 900 கிராம் விமானத்துக்கு இந்த மோட்டார் தாராளம். 500 கிராம்தான் காட்டுகிறது என்றால் மோட்டாரைக் குறை சொல்லாமல் கீழ்க்கண்ட வரிசையில் தேடுங்கள்.

முதலில் புரொப்பெல்லர். எண்கள் அச்சிட்ட முகம் விமானம் போகும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் காற்று பின்னாலேயே போகும், விமானமும் நகரும். அதனால்தான் தவறு கண்ணுக்குப் படுவதில்லை. இழுவிசை மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கும். காற்று முன்பக்கம் வந்தால் மோட்டாரே எதிர்த்திசையில் சுழல்கிறது. மோட்டாருக்கும் இஎஸ்சிக்கும் இடையிலுள்ள மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டை மாற்றிச் செருகினால் திசை மாறிவிடும். பேட்டரி பக்கத்துச் சிவப்பு, கறுப்புக் கம்பிகளை மாற்றினால் இஎஸ்சி அந்த நொடியே புகைந்துவிடும், கவனம்.

அடுத்தது திராட்டில் காலிபிரேஷன். இஎஸ்சிக்கு உங்கள் டிரான்ஸ்மிட்டரின் அடி எல்லையும் உச்சி எல்லையும் தெரியாவிட்டால், ஸ்டிக் உச்சியில் இருந்தும் மோட்டார் 80 சதவீதத்தில் நின்றுவிடலாம். புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். திராட்டிலை உச்சியில் வைத்து டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யுங்கள். பேட்டரியை இணையுங்கள். பெரும்பாலான இஎஸ்சிகள் இரண்டு முறை பீப் செய்யும். உடனே திராட்டிலை அடிவரை இறக்குங்கள். உறுதிப்படுத்தும் பீப் வந்ததும் வேலை முடிந்தது. தாமதித்தால் அது புரோகிராமிங் மெனுவுக்குள் போய்விடும். பேட்டரியைக் கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள்.

பிறகு பேட்டரி. சார்ஜ் முடிந்த 3எஸ் லிப்போ 12.6 வோல்ட் காட்டும். அது ஓய்வில் இருக்கும்போது. பேலன்ஸ் பிளக்கில் லிப்போ செக்கரை (ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தமும் காட்டும் கருவியை) செருகி, முழு திராட்டிலில் ஐந்து நொடி ஓடும்போது பாருங்கள். செல் ஒன்றுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி கிழடாகிவிட்டது, அல்லது அதன் சி மதிப்பு (எவ்வளவு மின்னோட்டம் தர முடியும் என்பதைச் சொல்லும் எண்) போதாது. மூன்றில் ஒரு செல் மட்டும் சரிந்தாலும் அப்படித்தான். இதில் இன்னொரு தொல்லையும் உண்டு: மின்னழுத்தம் இறங்கினால் இஎஸ்சி தன் பாதுகாப்புக்காகச் சக்தியைக் குறைக்கும் அல்லது மோட்டாரை நிறுத்தும். அது பெரும்பாலும் நடப்பது முழு திராட்டிலில், அதாவது சக்கரம் தரையைவிட்டு எழும் அதே நேரத்தில். மோட்டார் விக்கி விக்கி ஓடினால் புல்லட் கனெக்டரின் ஈயப் பற்றையும் பாருங்கள். ஒரு கம்பி சரியாகப் பற்றாமல் இருந்தாலே அப்படி நடுங்கும்.

தராசில் 800 கிராம் காட்டியும் விமானத்துக்கு வேகம் வரவில்லை என்றால் பிட்ச்சைப் பாருங்கள், அதாவது புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறக் கூடிய தூரத்தை. 4.5 அங்குல பிட்ச், நிமிடத்துக்கு 7500 சுற்று என்றால் காற்று மணிக்குச் சுமார் 51 கி.மீ வேகத்தில் பின்னே தள்ளப்படும். நம் விமானம் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கு விசையை இழக்கும்) வேகம் சுமார் 27 கி.மீ. தள்ளும் வேகம் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு இருக்கிறது, போதும். ஆனால் விமானம் 1200 கிராம் ஆகிவிட்டால் ஸ்டால் வேகம் 31 கி.மீ தாண்டும், 4.5 பிட்ச் திணற ஆரம்பிக்கும். அப்போது 9×6 (6 அங்குல பிட்ச்) போன்ற புரொப்பெல்லர் உதவும். நின்ற நிலையில் இழுப்பு சற்றுக் குறைந்தாலும் ஓட்டத்தின் கடைசியில் இழுப்பு மிஞ்சும். மாற்றியபின் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்தப் புரொப்பெல்லர் அதற்கு அதிகம்.

வேகமே எடுக்கவில்லை என்றால்

இழுவிசை இருந்தும் விமானம் தவழ்ந்தால் தரையும் சக்கரமும்தான் காரணம். 1 மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை 5 செ.மீ உயர்த்தி விமானத்தை வையுங்கள். தானாக உருள வேண்டும். உருளவில்லை என்றால் அச்சுக் கம்பியில் பசை வழிந்திருக்கும், அல்லது சக்கரத்தைப் பிடிக்கும் காலர் இறுகியிருக்கும். பக்கவாட்டில் 1 மி.மீ ஆட்டம் விட்டு, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

5 செ.மீ சக்கரம் சிமெண்டுக்குச் சரி. புல்லுக்கும் உழுத மண் போன்ற மைதானத்துக்கும் 7 செ.மீக்குக் குறையாமல் வேண்டும். கணுக்கால் உயரப் புல்லில் எந்தச் சக்கரமும் பயன்படாது. அங்கே சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கையால் எறிவதே புத்திசாலித்தனம். உண்மையில் முதல் விமானத்துக்குச் சக்கரமே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து: கம்பியும் சக்கரமும் சேர்ந்து 70 கிராம் மிச்சம், டேக்-ஆஃப் கோளாறில் பாதியும் மிச்சம்.

காற்றின் திசை அடுத்தது. நம் விமானம் எழ மணிக்குச் சுமார் 33 கி.மீ காற்று வேகம் தேவை. எதிரே 10 கி.மீ காற்று வீசினால் தரையில் 23 கி.மீ ஓடினாலே போதும். ஓட வேண்டிய தூரம் ஏறத்தாழ பாதியாகும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் தூரம் 1.7 மடங்கு. டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவில் ஒரு நூல் கட்டிவைத்தால் திசை தெரிந்துவிடும். வெயிலும் ஒரு காரணி: 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட 8% குறைவு. 2240 மீட்டர் உயர ஊட்டியிலோ கடல் மட்டத்தைவிட சுமார் 20% குறையும், இறக்கையும் புரொப்பெல்லரும் ஒருசேர வலு இழக்கும். சென்னையில் சுமாராக எழுந்த விமானம் ஊட்டியில் எழாமல் போனால் வியப்பில்லை.

நல்ல தரையில் காற்றில்லாத நேரத்தில் 10 முதல் 15 மீட்டருக்குள் எழ வேண்டும். 30 மீட்டர் ஓடியும் எழவில்லை என்றால் திராட்டிலை மூடிவிடுங்கள்.

இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனால்

முன்னால் புரொப்பெல்லர் உள்ள விமானத்தில் இது இயல்பு. புரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. எதிர்வினையாக உடல் இடப்பக்கம் உருளப் பார்க்கிறது, இடது சக்கரம் தரையில் அழுந்துகிறது. கூடவே சுருளாகப் பின்னே வரும் காற்று செங்குத்து வாலின் இடப் பக்கத்தில் மோதி மூக்கை இடப்பக்கம் திருப்புகிறது. வேகம் குறைவாகவும் திராட்டில் அதிகமாகவும் இருக்கும்போதுதான் இது கடுமை. ஆகவே திராட்டிலை ஒரேயடியாகத் தள்ளாமல் மூன்று நொடியில் படிப்படியாக ஏற்றி, வலது ரடரைச் சிறிது கொடுத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

நிரந்தரத் தீர்வு, மோட்டாரை 2 டிகிரி வலப்பக்கமும் 2 டிகிரி கீழேயும் சாய்ப்பது. மோட்டார் மவுண்ட்டின் துளைகளுக்கு இடையே 30 மி.மீ இருந்தால் 1 மி.மீ வாஷர் ஒன்று 2 டிகிரி கொடுக்கும். பின்னாலிருந்து பார்க்கும்போது இடது பக்கத் திருகுகளுக்கும் மரப்பலகைக்கும் இடையே வாஷரை வைத்தால் மோட்டார் வலப்பக்கம் பார்க்கும். மேல் திருகுகளின் பின்னால் வைத்தால் கீழே பார்க்கும். இதை மாற்றி வைத்தால் கோளாறு இரட்டிப்பாகும், எனவே இறுக்கியபின் மேலிருந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் மோட்டார்மேல் போடவும் வேண்டாம். திராட்டில் இல்லாமல் கையால் தள்ளிவிட்டாலும் இடது பக்கமே ஓடுகிறதா? அப்படியென்றால் சக்கரம் கோணல். பின் சக்கரங்கள் இரண்டும் இணையாக இருக்க வேண்டும். இடமும் வலமும் மாறி மாறி அலைபாய்ந்தால் மூக்குச் சக்கரம் அளவுக்கு மிஞ்சித் திரும்புகிறது. சர்வோ ஹார்னில் உட்புறத் துளைக்கும், சக்கரத்தின் ஸ்டீயரிங் கையில் வெளிப்புறத் துளைக்கும் கம்பியை மாற்றுங்கள். இரு பக்கமும் 10 டிகிரி திரும்பினால் தாராளம். டிரான்ஸ்மிட்டரில் ரடருக்கு 30% எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) கொடுத்தால் கை நடுக்கமும் அடங்கும்.

வேகம் இருந்தும் தரையை ஒட்டியே ஓடினால்

இதுதான் அதிகம் ஏமாற்றும் கோளாறு. விமானம் 40 கி.மீ வேகத்தில் பறப்பது போல ஓடும், ஸ்டிக்கை முழுக்க இழுத்தும் மூக்கு தூக்காது. பிறகு ஒரு குழியில் இடித்துத் துள்ளி எழும், எலிவேட்டர் முழுக்க மேலே இருப்பதால் செங்குத்தாக நின்று ஸ்டால் ஆகி விழும். பார்ப்பவர்கள் பவர் பத்தவில்லை என்பார்கள்.

மூக்குச் சக்கரம் உள்ள விமானத்தில் பின் சக்கரங்கள் சிஜிக்குச் சற்றே பின்னால் இருக்க வேண்டும். மிகவும் பின்னால் போய்விட்டால், அந்தச் சக்கரத்தை அச்சாகக் கொண்டு முழு எடையையும் வால் தூக்க வேண்டியிருக்கும். சிறிய எலிவேட்டருக்கு அந்த வலு கிடையாது. எவ்வளவு பின்னால்? தரையிலிருந்து சிஜியின் உயரத்தை அளந்து 0.2ஆல் பெருக்குங்கள். உயரம் 12 செ.மீ என்றால் சக்கர அச்சு சிஜிக்கு 2.5 செ.மீ பின்னால் வந்தால் போதும். அதற்கும் குறைந்தால் நிறுத்தும்போதே வாலில் உட்கார்ந்துவிடும். 5, 6 செ.மீ என்று இருந்தால், உங்கள் கோளாறு அதுவேதான். கம்பியை வளைத்து முன்னே கொண்டுவாருங்கள்.

அடுத்து நிற்கும் கோணம். மூக்குச் சக்கரத்தின் கம்பி குட்டையாக இருந்து விமானம் மூக்கைத் தாழ்த்தி நின்றால், இறக்கை ஓட்டம் முழுக்க விமானத்தைத் தரையோடு அழுத்திக்கொண்டே வரும். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இறக்கையின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட 4 முதல் 7 மி.மீ உயர்ந்திருக்க வேண்டும், 20 செ.மீ அகலத்துக்கு இது 1 முதல் 2 டிகிரி. நேரான அட்டையையே இறக்கையாக வைத்தவர்கள் இன்னும் சற்றுக் கூட்டலாம். வளைவில்லாத இறக்கைக்குக் கோணம் இருந்தால்தான் தூக்கு விசை வரும்.

இவை சரியாக இருந்தும் எழவில்லை என்றால் சிஜி மிகவும் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். எலிவேட்டர் மேலே 12 முதல் 15 டிகிரி போகிறதா என்றும் பாருங்கள். 4 செ.மீ அகல எலிவேட்டரில் பின்விளிம்பு சுமார் 1 செ.மீ மேலேற வேண்டும்.

வாலில் சிறு சக்கரம் உள்ள டெய்ல் டிராகரில் கதை நேர்மாறு. பெரிய சக்கரங்கள் சிஜிக்கு முன்னால், ஏறத்தாழ இறக்கையின் முன்விளிம்புக்கு நேர் கீழே வர வேண்டும். பின்னால் வைத்தால் திராட்டில் கொடுத்ததும் மூக்கால் குத்திப் புரொப்பெல்லர் உடையும். ஓட்டத்தின் தொடக்கத்தில் எலிவேட்டரைக் கொஞ்சம் இழுத்தே வையுங்கள், வால் சக்கரம் தரையில் அழுந்தித் திசை பிடிக்கும். வேகம் வர வர ஸ்டிக்கை நடுவுக்கு விடுங்கள். வால் தானாக எழும். அதற்குப்பின் மெல்ல இழுத்தால் போதும்.

எழுந்ததும் செங்குத்தாக நின்றால், அல்லது புரண்டால்

ஸ்டிக்கைத் தொடாமலே மூக்கு மேலே மேலே போனால் சிஜி பின்னால் இருக்கிறது. இதில் எலிவேட்டர் டிரிம்மை (ஸ்டிக் நடுவில் இருக்கும்போது எலிவேட்டர் நிற்கும் நிலையை நுணுக்கமாக மாற்றும் பொத்தானை) குறைத்துச் சமாளிக்கப் பார்ப்பது வீண். வால் கனத்த விமானம் எந்த டிரிம்மிலும் நிற்காது. எடையை நகர்த்தியே ஆக வேண்டும். சிஜி சரியாக இருந்து முழு திராட்டிலில் மட்டும் மூக்கு தூக்கினால் மோட்டாரின் கீழ்ச்சாய்வு போதவில்லை, ஒரு வாஷர் கூட்டுங்கள்.

எழுந்ததும் இடது பக்கம் உருண்டு விழுவது பெரும்பாலும் அவசரத்தின் விளைவு. 33 கி.மீ வருமுன், 27, 28 கி.மீயிலேயே ஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தால் இறக்கை ஸ்டால் ஆகும். மோட்டாரின் எதிர்வினை அதை இடப்பக்கம் தள்ளும். அப்போது கை தானாக வலது ஏலரானைக் கொடுக்கும், அது நிலைமையை மோசமாக்கும். இடது ஏலரான் கீழிறங்கி, ஏற்கெனவே திணறும் இடது நுனியை முழுதாக ஸ்டால் செய்துவிடும். செய்ய வேண்டியது: ஸ்டிக்கை நடுவுக்கு விடுவது, வலது ரடர் கொடுப்பது, உயரம் கொஞ்சமும் இல்லையென்றால் திராட்டிலை மூடுவது. புல்லில் தட்டையாக விழுந்த விமானத்தை ஒட்டிக்கொள்ளலாம்.

கையால் எறியும்போது

எறிபவரும் ஓட்டுபவரும் வேறு வேறு ஆளாக இருப்பது முதல் நாளுக்கு நல்லது. சிஜிக்கு அருகே உடலைப் பிடித்து, திராட்டிலை 75 முதல் 100% ஏற்றியபின், எதிர்க்காற்றை நோக்கி இரண்டு மூன்று அடி எட்டு வைத்து, அடிவானத்தைப் பார்த்து நேராக விட வேண்டும். கிரிக்கெட் பந்து மாதிரி வானத்தை நோக்கி வீசுவதால்தான் பாதி விமானங்கள் உடைகின்றன. மூக்கு 5 டிகிரிக்கு மேல் தூக்கியிருக்கக் கூடாது. கை புரொப்பெல்லருக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும். விட்டதும் விமானம் கொஞ்சம் இறங்கும். அது வேகம் எடுக்கும் இறக்கம். அப்போது ஸ்டிக்கை முழுக்க இழுக்காமல் ஒரு நொடி பொறுத்து மெல்ல இழுங்கள். எறியும் முன்பே எலிவேட்டர் டிரிம்மை நான்கைந்து கிளிக் மேலே வைத்துக்கொண்டால் இந்தப் பதற்றம் குறையும்.

சிக்னலும் மின்சாரமும்

ஓட்டத்தின் நடுவில் சர்வோக்கள் ஒரு கணம் உறைந்து மறுபடி உயிர் பெற்றால் ரிசீவருக்கு வரும் 5 வோல்ட் சரிகிறது. இஎஸ்சியின் உள்ளே இருக்கும், அந்த 5 வோல்ட்டைத் தரும் பிஇசி பெரும்பாலும் 2 ஆம்பியர்தான். விலை மலிந்த சர்வோ ஒன்று சிக்கி இழுத்தாலே அது திணறும். நான்கு சர்வோவையும் ஒரே நேரத்தில் ஆட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் ர்ர்ர் என்று முனகினால் கம்பி எங்கோ உரசுகிறது. ரிசீவர் ஆன்டெனாவை பேட்டரிக் கம்பியோடு சேர்த்துச் சுருட்டிவைக்காமல் தனியே நீட்டிவிடுங்கள். டிரான்ஸ்மிட்டரில் ரேஞ்ச் டெஸ்ட் வசதி இருந்தால் கையேட்டில் சொன்ன தூரம் நடந்து பாருங்கள். மோட்டார் ஓடும்போதும் ஒருமுறை செய்யுங்கள். ஓடாதபோது வராத இடையூறு அப்போது வரலாம். அந்த நேரத்தில் விமானத்தை ஒருவர் இறுகப் பிடித்திருக்க வேண்டும்.

மறுபடி முயலும்போது

ஒவ்வொரு முயற்சியையும் பக்கவாட்டில் நின்று ஒருவர் மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுக்கட்டும். எலிவேட்டர் எப்போது மேலே போனது, மூக்கு எப்போது தூக்கியது, எந்த இறக்கை முதலில் சரிந்தது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். ஓட்டுபவரின் நினைவு இதில் நம்பத் தகுந்ததல்ல. ஒரு முயற்சிக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். பேட்டரியை நகர்த்தி, வாஷரும் வைத்து, டிரிம்மும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

விழுந்து எழுந்த விமானத்தை அப்படியே மறுபடி ஓட்ட வேண்டாம். மோட்டார் பலகையின் பசை விட்டிருக்கிறதா, மோட்டார் அச்சு கோணியிருக்கிறதா, புரொப்பெல்லர் நுனியில் விரிசல் உண்டா, பிளாஸ்டிக் பற்கள் கொண்ட சர்வோ எங்காவது தாண்டிக் குதிக்கிறதா என்று பாருங்கள். விரிசல் விட்ட புரொப்பெல்லரை ஒட்டக் கூடாது, தூக்கிப் போடுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ அடிபட்டிருந்தாலோ கழற்றித் திறந்த வெளியில் தனியே வைத்துவிடுங்கள். அரை மணி கழித்தும் தீப்பிடிக்கக் கூடும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது டிஜிட்டல் ஸ்கை (அரசின் ட்ரோன் இணையதளம்) வரைபடத்தையும் பாருங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு, மஞ்சள் பகுதிகளில் முன் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. விமான நிலையத்தை ஒட்டிய மைதானங்கள் பெரும்பாலும் அதற்குள் வரும்.

எழுந்துவிட்டால், உடனே திருப்ப வேண்டாம். நேராகவே, மூக்கு அதிகம் தூக்காமல் 30 மீட்டர் உயரம் வரை ஏறவிட்டு, திராட்டிலை 60 சதவீதத்துக்குக் குறைத்தபின் அகலமாகத் திருப்புங்கள். டிரிம் செய்வது அங்கேதான். முதல் பறத்தலுக்கு டைமரை நான்கு நிமிடத்துக்கு வைத்து, அது ஒலித்ததும் இறக்கிவிடுங்கள். இறங்கியதும் டிரிம் கிளிக்குகள் எந்தப் பக்கம் எத்தனை என்று குறித்துக்கொண்டு, அவ்வளவுக்கு புஷ்ராடின் நீளத்தை மாற்றி, டிரிம்மை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.